குர்து மொழியில் செலவும் வரவும்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தைப் பாடம் சொல்லுங்கால், ஓரிடத்தில் நாம் சற்றே நின்றுதான் மேற்செல்வது வழக்கம். செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கனுள் வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்று ஆசிரியர் வகுக்கும் இடம் அது. மாணவர் பலர் இதனைத் தேர்வுக்கு உரிய எளிய விதியெனக் கருதிக் கடந்துவிடுவர். ஆயின், பேசுவோன் எங்கே நிற்கின்றான், கேட்போன் எங்கே நிற்கின்றான் என்பதை வினைச்சொல் ஒன்று தன்னுள்ளே சுமந்து நடக்கின்றது என்னும் செய்தி சிறிய செய்தியன்று. இவ்விதியை மனத்தில் வைத்துக்கொண்டு பிற மொழிகளின் இலக்கண நூல்களைப் புரட்டிப் பார்ப்பது நமக்கு நெடுநாளையப் பழக்கம். அவ்வாறு புரட்டியவற்றுள் நம்மை நெடிது பிடித்து நிறுத்தியது குர்து மொழி.

குர்து மக்கள் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். சிலுவைப் போர்களின் வரலாற்றைப் படித்தோர் அனைவரும் அறிந்த சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபி குர்துக் குடியில் தோன்றியவர். அரபுக் கல்லூரிகளில் ஹதீஸ் கலையின் அடிப்படை நூலாக மதிக்கப்பெறும் ‘முகத்திமா’வின் ஆசிரியர் இப்னு ஸலாஹ், குர்து நாட்டின் ஷஹ்ரஸூர்ப் பகுதியைச் சார்ந்தவர், 1245ஆம் ஆண்டில் திமிஷ்கு நகரில் மறைந்தவர். குர்து முஸ்லிம்களுள் பெரும்பாலோர், நம் கடற்கரையூர் முஸ்லிம்களைப் போலவே, ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். மூன்று கோடிக்கு மேற்பட்டோர் எனப் பொதுவாக மதிப்பிடப்பெறும் இம்மக்கள் துருக்கி, ஈரான், இராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கின்றனர். தமக்கென ஒரு நாடில்லை. தமக்கென ஒரு மொழியும் இல்லை என்றுகூட அவர்களிடம் நெடுங்காலம் சொல்லப்பட்டது. அதனைப் பின்னர்க் காண்போம்.

குர்து மொழியின் வழக்குகளுள் பெரியன இரண்டு. வடக்கே வழங்குவது குர்மாஞ்சி. தெற்கே, இராக்கிலும் ஈரானிலும் வழங்குவது ஸொரானி. குர்மாஞ்சி இன்று பெரிதும் உரோமன் எழுத்திலும், ஸொரானி அரபு எழுத்திலும் எழுதப்பெறுகின்றன. அரபு எழுத்தில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் இட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்ட திறத்தில், அரபுத்தமிழ் கண்ட நம் முன்னோரும் ஸொரானி எழுதுவோரும் ஒரே வழியில் நடந்தவர்கள் எனலாம்.

இனி வினைகளுக்கு வருவோம். குர்மாஞ்சியில் செல்லுதல் ‘சூன்’. இதன் சகரத்தை ‘அச்சு’ என்பதிலுள்ள வல்லோசையாகக் கொள்க. வருதல் ‘ஹாத்தின்’. கொண்டு செல்லுதல் ‘பிரின்’. கொண்டு வருதல் ‘ஆனீன்’. போவதும் வருவதும் ஓர் இணை. கொண்டு போவதும் கொண்டு வருவதும் மற்றோர் இணை. தொல்காப்பியர் நான்கு சொற்களை ஒருசேர வைத்து எண்ணியதன் நுட்பம் இங்கே புலனாகும். பொருள்கள் தாமே நகர்வதும், ஒருவரால் நகர்த்தப்படுவதும் ஒரே கண்ணால் காணத்தக்கன. ‘போ’ என ஏவுதற்கும் ‘வா’ என ஏவுதற்கும் இம்மொழியில் வேறு அடிச்சொற்களே உள்ளன: போ என்பது ‘ஹெரெ’, வா என்பது ‘வெரெ’. ‘வெரெ’ என்று கேட்ட மாத்திரத்தில் நம் ‘வரு’ என்னும் பகுதி நினைவுக்கு வருதல் இயல்பே. ஒலியொற்றுமை ஒன்றையே பற்றிக்கொண்டு உறவு கற்பிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுதல் நலம். அவ்வாசை நம்மவர்க்குச் சற்று மிகுதி.

குர்து மொழியின் தனித்தன்மை அச்சொற்களில் இல்லை. அவை வாக்கியத்தில் நிற்கும் இடத்தில் உள்ளது. தமிழைப் போலவே குர்து மொழியும் செயப்படுபொருளை வினைக்கு முன்னர் வைக்கும். ‘எஸ் நான் திக்விம்’ என்றால் ‘யான் ரொட்டி உண்கின்றேன்’ என்பது பொருள். இங்கே ‘எஸ்’ என்பதே யான். ‘நான்’ என்பது ரொட்டி! ஆக, எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசை நமக்குப் பழகியதே. ஆனால் ‘யான் வீட்டிற்குச் செல்கின்றேன்’ என்று சொல்லப் புகுந்தால் வரிசை மாறிவிடுகின்றது. ‘எஸ் திச்சிம் மாலே’ என்பர். யான், செல்கின்றேன், வீட்டிற்கு. ரொட்டி வினைக்கு முன்னே நின்றது. வீடோ வினைக்குப் பின்னே போய் நிற்கின்றது. நாம் சேரிடத்தை முதலிற் சொல்லிவிட்டுப் பின்னரே செல்கின்றோம். குர்து மொழி பேசுவோன் முதலில் நடந்துவிடுகின்றான். சேரிடம் பின்னர் வந்து சேர்கின்றது.

கொடுத்தலும் அவ்வாறே. ‘நூலை எனக்குத் தந்தான்’ என்னும் கருத்தைச் சொல்லுங்கால் நூல் வினைக்கு முன்னும், பெறுபவன் வினைக்குப் பின்னும் நிற்பர். நூல் ஒரு கையிலிருந்து புறப்பட்டு மறு கையை அடைகின்றது. அவ்வழியே சொற்களும் நடக்கின்றன. கொடையும் ஒரு செலவே என்று அம்மொழி கருதுவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. செருமனியின் பாம்பெர்க் பல்கலைக்கழகத்து மொழியியலார் ஜெஃப்ரி ஹெய்க், சேரிடம் வினைக்குப் பின் நிற்கும் இவ்வியல்பைக் குர்து மொழியிலும் அதன் அண்டை மொழியாகிய புதிய அரமேயத்திலும் வைத்து விரிவாக ஆராய்ந்துள்ளார். பாரசீகத்தின் பேச்சு வழக்கிலும் இதன் சாயலைக் காணலாம். எழுத்து வழக்கோ சேரிடத்தை முன்னே வைக்கும்.

இப்போது துருக்கிய மொழியை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘எவே கிதியோரும்’ என்பது துருக்கியத் தொடர். ‘எவ்’ என்பது வீடு. அதனோடு சேர்ந்த ‘ஏ’ நம் குவ்வுருபு. ‘கிதியோரும்’ என்பது செல்கின்றேன். ‘வீட்டிற்குச் செல்கின்றேன்’ என்னும் நம் தொடரை அச்சில் வார்த்தாற்போல் அமைந்திருக்கின்றது அது. துருக்கியத்திலிருந்து தமிழுக்குச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் தொடர் குலையாது. குர்து மொழியிலிருந்து பெயர்த்தால் குலையும்.

இதனை இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. துருக்கிக் குடியரசில் பல பத்தாண்டுகள் குர்து மக்கள் என்றொரு மக்களே இல்லை என்பது அரசினரின் நிலைப்பாடாக இருந்தது. அவர்கள் ‘மலைத் துருக்கியர்’ என்றும், அவர்தம் பேச்சு திரிந்து சிதைந்த துருக்கியமே என்றும் சொல்லப்பட்டது. உறைந்த பனியின்மீது நடக்குங்கால் காலடியில் எழும் ஓசையிலிருந்தே ‘குர்து’ என்னும் பெயர் பிறந்தது என்னும் விளக்கமும் பரப்பப்பட்டது. ஓர் இனத்தின் பெயரைச் செருப்பின் ஓசையாக்கிய அவ்வாராய்ச்சியை என்னென்று சொல்வது! 1983இல் இயற்றப்பட்ட 2932ஆம் எண் சட்டம், துருக்கி அரசு ஏற்றுக்கொண்ட நாடுகளின் முதல் ஆட்சிமொழிகள் அல்லாத பிற மொழிகளில் கருத்துகளை வெளியிடுதலைத் தடுத்தது. சட்டத்தில் குர்து என்னும் சொல்லே இல்லை. எந்நாட்டிலும் முதல் ஆட்சிமொழியாக இராத மொழிமீது அது தானாகவே விழுந்தது. பெயரைச் சொல்லாமலே ஒரு மொழியை விலக்கிய அச்சட்டம் 1991இல்தான் நீக்கப்பெற்றது.

சிதைந்த துருக்கியம் என்று சொன்னவர்கள் ‘எஸ் திச்சிம் மாலே’ என்னும் மூன்று சொற்களைச் செவிசாய்த்துக் கேட்டிருந்தால் போதும். சொற்கள் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு இரவலாகச் செல்லும். குர்து மொழியில் துருக்கியச் சொற்களும் அரபுச் சொற்களும் நிரம்ப உள்ளன. ஆனால் வினைச்சொல்லின் பழைய அமைப்பு அவ்வளவு எளிதில் இரவல் வருவதில்லை. துருக்கியம் நம் தமிழைப் போல ஒட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் மொழி. குர்து மொழியோ பாரசீகத்தின் உடன்பிறப்பு. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஈரானியக் கிளையைச் சார்ந்தது. இவ்வேறுபாடு மிகத் தெளிவாக வெளிப்படும் இடங்களுள் ஒன்று, அம்மொழி நகர்வைச் சொல்லும் முறை.

அம்முறையில் மற்றுமோர் அழகு, வினைக்கு முன்னே ஒட்டி நின்று திசையைச் சுட்டும் சிறு சொற்கள். ‘கெத்தின்’ என்றால் விழுதல். அதன்முன் வெளியைக் குறிக்கும் ‘தெர்’ சேர்ந்தால் ‘தெர்கெத்தின்’, வெளியேறுதல். ‘தா’ சேர்ந்தால் ‘தாகெத்தின்’, இறங்குதல். தலையையும் உச்சியையும் குறிக்கும் ‘ஸெர்’ சேர்ந்தால் ‘ஸெர்கெத்தின்’, வெற்றி பெறுதல். உச்சியின்மேல் விழுதலே வெற்றி! ஒருவன் பயணம் தொடங்கினான் என்பதை ‘வழியில் விழுந்தான்’ என்னும் பொருள்பட உரைப்பர். விழுவதா செல்வது என்று நாம் வியப்படையத் தேவையில்லை. ‘புறப்பட்டான்’ என்று நாள்தோறும் சொல்கின்றோமே, அதனைப் பிரித்துப் பார்த்தால் என்ன கிடைக்கின்றது? புறம், படு. படுதல் என்பதற்கு விழுதல் என்னும் பொருளும் நம் மொழியில் உண்டு. ‘தெர்கெத்தின்’ என்பதும் ‘புறப்படுதல்’ என்பதும் தொடர்பே இல்லாத இரு நிலங்களில் இரு மக்கள் தனித்தனியே கண்ட ஒரே காட்சி. வகுப்பில் இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாளில் மாணவர் முகங்களில் எழுந்த மலர்ச்சி, நூறு சூத்திரங்களை ஒப்பிக்கச் செய்தாலும் வாய்ப்பதன்று.

அமெரிக்க மொழியியலார் லியனார்டு டால்மி 1985இல் வெளியான தம் கட்டுரையில், நகர்வின் பாதையை வினைப்பகுதியிலேயே வைக்கும் மொழிகள் என்றும், வினையைச் சார்ந்த துணைச்சொல்லில் வைக்கும் மொழிகள் என்றும் இரு வகை காட்டும் வழியைத் திறந்தார். ஏறினான், இறங்கினான், நுழைந்தான், கடந்தான் எனப் பாதையை வினைக்குள்ளேயே அடக்கும் தமிழ் முதல் வகைக்கு நெருங்கியது. குர்து மொழியோ ‘தா’, ‘தெர்’, ‘ஹில்’, ‘ரா’ என்னும் முன்னொட்டுகளால் இரண்டாம் வகையை நோக்கிச் சாய்கின்றது. ஆனால் அம்முன்னொட்டுகள் எண்ணிக்கையிற் சில. புதியன எளிதிற் பிறப்பதில்லை. எனவே அதனை ஒரு பெட்டிக்குள் அடைத்துப் பூட்டிவிட இயலாது. நமக்கு அதில் வருத்தமில்லை.

இறந்த காலத்தில் இம்மொழி காட்டும் விந்தை ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. குர்மாஞ்சியில் ‘யான் வந்தேன்’ என்பது ‘எஸ் ஹாத்திம்’. ஆனால் ‘யான் கொண்டுவந்தேன்’ என்னும்போது ‘எஸ்’ மறைந்து ‘மின்’ என்னும் வேற்றுமை வடிவம் வந்துவிடுகின்றது: ‘மின் ஆனீ’. அத்தோடு நில்லாமல், வினை கொண்டுவந்தவனை விட்டுவிட்டுக் கொண்டுவரப்பட்ட பொருளோடு இயைபு கொள்கின்றது. ஓர் ஆப்பிளைக் கொண்டுவந்தால் ஒருமை முடிபு. பல கொண்டுவந்தால் பன்மை முடிபு. கொண்டுவந்தவன் ஒருவனே ஆயினும்! தானாக வந்தவன் தன் வினைக்கு உரியவன். எதையேனும் சுமந்து வந்தவனோ சுமைக்குத் தன் இடத்தை ஈந்துவிடுகின்றான். உருது அறிந்த நம் வடாற்காட்டு நண்பர்களுக்கு இது புதிதன்று. ‘மைனே ரொட்டி காயீ’ என்பதில் வினை ரொட்டியோடு ஒத்துப் பெண்பாலில் முடிவது இதற்கு நிகர். ஆயினும் உருதுவில் ‘லானா’ என்னும் வினை மட்டும் ‘மைனே’ என்பதை ஏற்பதில்லை. ‘லே ஆனா’, எடுத்துக்கொண்டு வருதல், என்பதே ‘லானா’ எனச் சுருங்கியது. எனவே உருது அதனை வருதலின் பக்கத்தில் வைத்துக்கொண்டது. குர்து மொழி அதனைச் சுமத்தலின் பக்கத்தில் வைத்தது. எழுத்து வழக்குப் பாரசீகம் இவ்வேறுபாட்டை என்றோ இழந்துவிட்டது. துருக்கியத்தில் அது என்றும் இருந்ததில்லை.

‘ஹில்’ என்பது மேல்நோக்கிய நகர்வைக் குறிக்கும் முன்னொட்டு. ‘ஹாத்தின்’ என்னும் வருதலோடு அது சேர்ந்து ‘ஹிலாத்தின்’ ஆகும். ஞாயிறு எழுதலைக் குறிப்பது இச்சொல். ‘ரோஜ்’ என்பது ஞாயிறு. ‘ரோஜ்ஹிலாத்’ என்பது கிழக்கு. மேற்கு ‘ரோஜாவா’, ஞாயிறு மறையும் திசை. நம் கிழக்கும் மேற்கும் நிலத்தின் பள்ளத்தையும் மேட்டையும் கண்டு இட்ட பெயர்கள் என்பர் அறிஞர்; அவர்தம் பெயர்களோ விண்ணின் நடையைக் கண்டு இட்டவை. ஈரானிலுள்ள தம் நிலப்பகுதியை ரோஜ்ஹிலாத் என்றும், சிரியாவிலுள்ள பகுதியை ரோஜாவா என்றும் குர்து மக்கள் அழைக்கின்றனர். நாட்டின் பெயரிலேயே வினை ஒன்று நடந்துகொண்டிருக்கின்றது.

இதே சொல் ஸொரானியில் ‘ஹெலாத்தின்’ என்னும் வடிவில் வழங்குகின்றது. அங்கே அதற்கு ஞாயிறு எழுதல் என்னும் பொருளோடு மற்றொரு பொருளும் உண்டு: தப்பி ஓடுதல். ‘ஹெலாத்’ என்றால் எழுந்தது ஞாயிறாகவும் இருக்கலாம். ஓடியவன் ஒரு மனிதனாகவும் இருக்கலாம். இவ்விரு பொருளும் எவ்வாறு ஒரு சொல்லில் குடிபுகுந்தன என்பதை இலக்கண நூலார் ஆராயட்டும். நம் நெஞ்சில் தைப்பது, அச்சொல்லைப் பேசும் மக்கள் அதனை நடந்தே காட்ட நேர்ந்த வரலாறு. 1988 மார்ச் 16ஆம் நாள் ஹலப்ஜா நகரின்மீது இராக் அரசின் வானூர்திகள் நச்சுப் புகையைப் பொழிந்தன. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மாண்டனர். எஞ்சியோர் ஈரான் எல்லையை நோக்கி மலையேறினர். அவ்வாண்டில் சிற்றூர்களை அழித்து மக்களைக் கொன்று குவித்த படையெடுப்புக்கு அவ்வரசு சூட்டிய பெயர் ‘அன்ஃபால்’. அது திருக்குர்ஆனின் எட்டாம் அத்தியாயத்தின் பெயர். முஸ்லிம்களைக் கொல்வதற்கு இறைமறையின் பெயரையே எடுத்துக்கொண்ட துணிவை நினைக்குந்தோறும் நாக்கு ஒட்டிக்கொள்கின்றது.

1991ஆம் ஆண்டு மார்ச்சில் எழுந்த குர்துக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மழையிலும் பனியிலும் துருக்கி, ஈரான் எல்லைகளை நோக்கி நடந்தனர். முதியோரும் கைக்குழந்தைகளும் வழியிலேயே மாண்டனர். ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் 688ஆம் தீர்மானம் அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் நிறைவேறியது. அப்பெருஞ்செலவைக் ‘கோரெவ்’ என்னும் பெயரால் அம்மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். வினைக்குப் பின்னே சேரிடத்தை வைக்கும் மொழியில், வினை மட்டுமே இருந்து சேரிடம் இல்லாத வாக்கியமாக அந்நாள்கள் கழிந்தன.

ஆயினும் அவர்களுட் பெரும்பாலோர் அவ்வாண்டின் இடைப்பகுதிக்குள் திரும்பினர். திரும்புதலைச் சொல்ல ஸொரானியில் ஓர் அருமையான பின்னொட்டு உண்டு. ‘சூம்’ என்றால் சென்றேன். ‘சூமெவெ’ என்றால் திரும்பிச் சென்றேன். ‘ஹாத்ம்’ என்றால் வந்தேன். ‘ஹாத்மெவெ’ என்றால் திரும்பி வந்தேன். ஈற்றில் நிற்கும் அந்த ‘எவெ’ ஒன்றே போனவரை மீட்டுக் கொணர்கின்றது. செய்தலைக் குறிக்கும் வினையோடு அது சேர்ந்தால் திறத்தல் என்று பொருள்படும்; மூடியதை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்தல்தானே திறத்தல்! குர்மாஞ்சியில் அதற்கு ஒப்பானது வினைக்கு முன் நிற்கும் ‘வெ’. ‘கெரீன்’ என்றால் சுற்றித் திரிதல். ‘வெகெரீன்’ என்றால் திரும்புதல். ஊர் திரும்புவதையும் கதவு திறப்பதையும் ஒரே ஒட்டால் சொல்லும் மொழி இது.

திரிதலைப் பற்றிச் சொல்லும்போது குர்து நாட்டு மதரஸாக்களை மறத்தல் ஆகாது. அங்கே ஓதும் பிள்ளைகளை ‘ஃபெகீ’ என்பர். ஓர் ஆசிரியரிடம் ஒரு கிதாபை முடித்ததும், அடுத்த கிதாபை ஓதுவிக்கும் ஆசிரியரைத் தேடி அடுத்த ஊருக்கு நடப்பது அப்பிள்ளைகளின் வழக்கம். ஊரார் உணவளிப்பர். அப்பிள்ளைகள் அரபுச் சொற்களைக் கற்பதற்காக 1683ஆம் ஆண்டில் அரபு-குர்து அகராதி ஒன்றைச் செய்யுள் வடிவில் யாத்தளித்தவர் அஹ்மதே ஹானி. ‘மெம் ஊ ஸீன்’ என்னும் பெருங்காப்பியத்தைப் பாடிய அதே புலவர்தாம் குழந்தைகளுக்கும் நூல் செய்தார். தாய்மொழியின் தோளில் ஏறி நின்றே மறைமொழியை எட்ட வேண்டும் என்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்த அப்பெருமகனார், தமிழ்வழி மார்க்கக் கல்வி வேண்டுமா என்று இன்னமும் வாதாடுவோருக்கு நல்ல விடை.

எழுத்தும் அச்சும் தடைப்பட்ட காலங்களில் அம்மொழியைக் காத்தோர் நாடு கடந்து வாழ்ந்தோரே. ஜெலாதெத் அலி பெதிர்ஹான் 1932 மே 15ஆம் நாள் திமிஷ்கில் ‘ஹாவார்’ என்னும் இதழைத் தொடங்கினார். ஹாவார் என்பது உதவி வேண்டி எழுப்பும் குரல். குர்மாஞ்சிக்கு இன்று வழங்கும் உரோமன் எழுத்துமுறை அவ்விதழ் வழியே பரவியது. மே 15 இன்று குர்து மொழி நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. ரோஜே லெஸ்கோ என்னும் பிரெஞ்சு அறிஞரோடு சேர்ந்து அவர் எழுதிய குர்மாஞ்சி இலக்கணம், அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, 1970இல் பாரிசில் வெளிவந்தது. இராக்கின் 2005ஆம் ஆண்டு அரசமைப்பு, அரபுடன் குர்து மொழியையும் ஆட்சிமொழியாக்கியது. துருக்கியில் 2009 சனவரி முதல் நாள் அரசுத் தொலைக்காட்சியே குர்து ஒளிபரப்பைத் தொடங்கியது. 2012 முதல் பள்ளிகளில் விருப்பப் பாடமாகவும் அது இடம்பெற்றது. தாய்மொழியை விருப்பப் பாடமாகப் படிக்க நேர்வது நிறைவான நிலையன்று. இல்லை என்று சொல்லப்பட்ட மொழி, கால அட்டவணையில் ஒரு மணி நேரம் பெற்றிருக்கின்றது.

வீட்டு வாயிலில் விருந்தினரைக் கண்டதும் குர்து மக்கள் சொல்வது ‘பி ஹேர் ஹாத்தீ’. ‘ஹேர்’ என்பது நாம் அறிந்த ‘கைர்’ என்னும் அரபுச் சொல்லே. ‘நன்மையோடு வந்தாய்’ என்பது பொருள். அதனோடு ‘ஸெர் ஸெரான் ஊ ஸெர் சாவான்’ என்றும் சேர்த்துச் சொல்வர். இங்கும் வருதல் முதலில் நிகழ்ந்துவிடுகின்றது. வந்தவர் சேரும் இடம் பின்னரே வருகின்றது: எம் தலைகளின்மேல், எம் கண்களின்மேல்.